கடைசி லேப்பில் முடிவெடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு: பத்து வாரப் பந்தய உத்திப் பயிற்சி எப்படி இருந்தது?

800 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஓடுபவர்களுக்குப் பந்தய உத்தியை மட்டும் சொல்லித்தரும் ஒரு பத்து வார வகுப்பில், என்னிடம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைச் சேர்த்திருந்தேன். வகுப்பு முடிந்து, அடுத்து வந்த போட்டிகளையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ராக்கில் நடக்கும் வகுப்புகள் அபாரம். வீடியோ வகுப்பு நன்றாக இருந்தது. பந்தயக் குறிப்பேடு என்று ஒன்று தருகிறார்கள், அதற்காகவே சேரலாம். கூடவே வரும் மொபைல் செயலி தேவையே இல்லை.

நடத்துபவர்கள் இரண்டே பேர், இருவரும் முன்னாள் ஓட்டக்காரர்கள். பாராட்டோடு குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வகுப்பை யார் நடத்தினாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

இப்படி ஒரு வகுப்பு யாருக்குத் தேவை? என்னிடம் ஒரு பையன் இருக்கிறான். 1500 மீட்டரைத் தனியாக ஓடவிட்டால் லேப்புக்கு, அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு, 63 விநாடி, கடிகாரம் மாதிரி ஓடி 3:56-ல் முடிப்பான். போட்டியில் விடுங்கள், முதல் லேப்பை எல்லோரும் 70 விநாடியில் ஓடுவார்கள், இவனும் உள்பக்கக் கோட்டை ஒட்டி நிம்மதியாக ஓடுவான். கடைசி லேப்புக்கான பெல் அடிக்கும்போது எட்டாவது இடம். முன்னே இருவர், வலது பக்கம் ஒருவர், பின்னால் ஒருவர். வெளியே வர வழி கிடைப்பதற்குள் முன்னே இருப்பவர்கள் இருபது மீட்டர் போயிருப்பார்கள். 4:02 ஓடக்கூடிய பையன்களிடம் தோற்றுவிட்டு, மூச்சுகூட வாங்காமல் வந்து நிற்பான். உடம்பில் பாக்கி இருக்கும்போதே தோற்பதைப் பார்க்கிற வேதனை பயிற்சியாளர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பெண் இருக்கிறாள், நேர் எதிர். கூட்டம் என்றாலே பயம். துப்பாக்கி சுட்டதும் முன்னே போய்விடுவாள், கடைசி ஐம்பது மீட்டர் வரை காற்றை அவளே வாங்குவாள், அப்புறம் பின்னாலேயே வந்த இருவர் சுலபமாகத் தாண்டிப் போவார்கள். இவர்கள் இருவருக்கும் இன்னும் இரண்டு இன்டர்வல் வொர்க்அவுட் (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடும் பயிற்சி) கூட்டிக் கொடுப்பதால் இது சரியாகாது.

இப்போது இதற்கு முக்கியத்துவம் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் ஹீட்ஸில், அதாவது முதல் சுற்று ஓட்டங்கள் ஒவ்வொன்றிலும், முதல் ஆறு இடம் பிடித்தவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். நேரத்தை வைத்துத் தகுதி பெறும் இடங்களே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அதே கதைதான். முதல் ஆறுக்குள் வராதவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்று கொடுத்தார்கள், அதிலும் இடம்தான் கணக்கு. 'நல்ல நேரம் ஓடிவிடலாம், எப்படியும் உள்ளே போய்விடுவோம்' என்று நம்பி ஓடுவதற்கு அங்கே இடமில்லை.

சரி, வகுப்புக்கு வருவோம். முதல் நாளே எல்லோருடைய கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒரு பெட்டியில் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் முகம் மாறிவிட்டது. பத்து வாரமும் ட்ராக்கில் யாருக்கும் ஸ்பிளிட், அதாவது இடைநேரம், சொல்லவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. கடிகாரம் கையில் இருக்கும்வரை ஓட்டக்காரர் அதைத்தான் பார்ப்பார், பக்கத்தில் ஓடுபவரைப் பார்க்க மாட்டார்.

முதல் பயிற்சி எளிமையானது. எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக 1000 மீட்டர். ஒரு விசில் அடித்தால் கடைசியில் இருப்பவர் முன்னே வர வேண்டும், ஆனால் கூட்டம் வேகத்தைக் குறைக்காது. இரண்டு விசில் அடித்தால் முன்னே இருப்பவர் அறுபது மீட்டருக்கு 800 மீட்டர் பந்தய வேகத்தில் பாய வேண்டும். எப்போது எது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அலறியடித்துக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தார்கள். அது எவ்வளவு செலவு என்று அவர்கள் கால்களே சொல்லித்தந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓடும்வரை உடம்பு சமாளிக்கும். அதைத் தாண்டினால் கைவசம் உள்ள ஒரு சிறிய சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் ஓட வேண்டும். பந்தயத்தின் நடுவில் வேகம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் அந்தச் சேமிப்பு கொஞ்சமாவது திரும்பச் சேரும். ஆகவே முன்னே இருப்பவர் பாய்ந்தால் உடனே ஒட்ட வேண்டாம், அடுத்த வளைவு முடிவதற்குள் மெல்ல இடைவெளியை மூடுங்கள் என்றார்கள். ஆறாவது வாரத்தில் பார்க்கிறேன், என் பையன் பாய்ச்சலைப் பார்த்தும் தோளை இறுக்காமல், ஐந்து மீட்டர் விட்டுக்கொடுத்து, 120 மீட்டரில் அதைத் திரும்ப எடுத்தான். என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

அடுத்தது, கூண்டுப் பயிற்சி என்று பிள்ளைகள் பெயர் வைத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒருவரை உள்கோட்டில் விட்டு, முன்னால் ஒருவர், வலது தோளருகே ஒருவர், பின்னால் ஒருவர் என்று அடைத்துவிடுவார்கள். 600 மீட்டர் ஓட்டம். கடைசி 200 மீட்டருக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். கை படக்கூடாது, தள்ளக்கூடாது. என் பையன் முதல் முறை கடைசிவரை உள்ளேயே இருந்தான். பயிற்சியாளர் அவனைப் புல்வெளி ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டார்.

"எப்போ மாட்டின தம்பி?"

"பெல் அடிச்சதும் சார். நாலு பக்கமும் அடைச்சுட்டாங்க."

"இல்லப்பா. அதுக்கு நூறு மீட்டர் முன்னாடி, ஹோம் ஸ்ட்ரெய்ட்ல (முடிவுக்கோடு இருக்கும் நேர்க்கோட்டில்), உன் வலது தோள்கிட்ட ஒரு நிழல் வந்துச்சு பாத்தியா? அப்பவே மாட்டிட்ட. பெல் அடிச்சப்பதான் உனக்குத் தெரிஞ்சுது."

இதைக் கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் ட்ராக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவனுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான்: வலது தோள் பக்கம் அரை அடி இடம் எப்போதும் உன்னுடையதாக இருக்கட்டும். நெரிசலான பேருந்தில் தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பவரைப்போல, தேவைப்படுவதற்கு ஒரு லேப் முன்பே நகர்ந்துவிட வேண்டும். அப்படியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் பழக்கினார்கள். பதறி இடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்காதே. அரைக் காலடி அளவுக்கு வேகத்தைக் குறை, வலது பக்கம் இருப்பவருக்குப் பின்னால் ஒரு இடைவெளி உண்டாகும், அதன் வழியே பின்பக்கமாக வெளியே வா. இல்லை என்றால் பொறு. வளைவு முடிந்து நேர்க்கோடு தொடங்கும் இடத்தில் களைத்த ஓட்டக்காரர்கள் தங்களை அறியாமல் வெளிப்பக்கம் சாய்வார்கள், உள்ளே வழி தானாகத் திறக்கும்.

இந்தக் கடைசி வித்தையைக் காட்டத்தான் 2024 பாரிஸ் 1500 மீட்டர் இறுதிப் போட்டியைத் திரையில் ஓட்டினார்கள். முன்னே யாக்கோப் இங்கப்ரிட்சன், வேகத்தை அவர்தான் தருகிறார். அவர் தோளருகே ஜாஷ் கெர். உலகமே இந்த இருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி 200 மீட்டர் வாக்கில் கோல் ஹாக்கர் உள்பக்கமாகப் புகப் பார்க்கிறார், வழி அடைபடுகிறது. இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, "இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, எழுதுங்க" என்றார்கள். பெரும்பாலும் எல்லோரும் 'வெளியே சுற்றிப் போவேன்' என்று எழுதினார்கள். வீடியோவை ஓடவிட்டார்கள். ஹாக்கர் ஒரு கணம் அடங்குகிறார், ஓட்டத்தின் அழகு குலையவில்லை, கடைசி நேர்க்கோட்டில் மறுபடி உள்ளே வழி கிடைக்கிறது, புகுந்து போய்விடுகிறார். 3:27.65, ஒலிம்பிக் சாதனை. கெர் 3:27.79, யேரட் நுகுஸ் 3:27.80, இங்கப்ரிட்சன் 3:28.24-ல் நாலாவது. வழி அடைபட்ட அந்த இரண்டு விநாடியில் பதறாமல் இருந்ததுதான் அந்தத் தங்கம் என்பது என் கருத்து. அன்று வீடியோவை மூன்று முறை திரும்பப் போடச் சொன்னது என் பையன்தான்.

வீடியோ வகுப்பின் முறையே இதுதான். ஓட்டம் முடிந்த பிறகு பேசுவது கிடையாது. முடிவு தெரியாதவர்களை வைத்து நடுவில் நிறுத்தி, யார் எங்கே இருக்க வேண்டும், யார் அடுத்துப் பாய்வார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுதச் சொல்வார்கள். பழைய பந்தயங்கள் இதற்கு ரொம்ப வசதி, பிள்ளைகளுக்கு முடிவு தெரியாது. 1956 மெல்போர்ன் 10,000 மீட்டரில் விளாடிமிர் கூட்ஸ் திரும்பத் திரும்பப் பாய்ந்து பாய்ந்து வேகத்தை உடைத்தார், கார்டன் பிரி ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுத்து ஒட்டிக்கொண்டே ஓடினார், கடைசியில் எட்டாவதாக முடித்தார். விசில் பயிற்சியில் அலறியடித்துப் பாய்ந்தவர்களுக்கு இதைக் காட்டியதும் பேச்சே வரவில்லை.

1972 மியூனிக் 800 மீட்டரும் போட்டார்கள். தொப்பி போட்டுக்கொண்டு ஓடிய டேவ் வாட்டில் முதல் லேப்பில் கடைசி ஆள், கூட்டத்திலிருந்தே விலகி ஓடுகிறார். இரண்டாவது லேப்பில் எல்லோரையும் தாண்டி, எவ்கெனி அர்ஷனோவை 0.03 விநாடியில் வெல்கிறார். பிள்ளைகள் எல்லோரும் 'என்ன ஒரு கிக்' என்று அந்தக் கடைசிப் பாய்ச்சலைச் சொன்னார்கள். ஆனால் அவருடைய ஒவ்வொரு 200 மீட்டரும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், 26 விநாடிச் சொச்சம். மற்றவர்கள் வேகம் இறங்கியது, அவருடையது இறங்கவில்லை. கடைசியில் ஒருவர் பறந்து வருவதுபோல் தெரிந்தால், அவர் வேகம் கூடியதா, இல்லை மற்றவர்கள் சாகிறார்களா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பந்தயத்துக்குள் இருப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒன்றில் நீங்கள் பாய வேண்டும், மற்றதில் உங்கள் வேகத்தை விடாமல் வைத்திருந்தாலே போதும்.

பெண்களுக்குத் தனியாகக் காட்டியது 2016 ரியோ 1500 மீட்டர் இறுதி. ஆரம்ப லேப்கள் நடை மாதிரி மெதுவாகப் போகின்றன. அப்போதைய உலக சாதனையாளர் கென்சபே டிபாபா இன்னும் ஒன்றரை லேப்புக்கு மேல் இருக்கும்போதே பாய்கிறார். ஃபெய்த் கிப்யேகோன் பின்னாலேயே போய், கடைசி 200 மீட்டரில் தாண்டி, 4:08.92-ல் ஜெயிக்கிறார். முன்னே ஓடியே பழகிய என் பெண்ணுக்கு இது பெரிய திறப்பு. தன்னைத் தோற்கடிப்பவர்கள் எங்கே இருந்து பார்க்கிறார்கள் என்று அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவளுக்கு அடுத்த கேள்வி, பின்னால் ஓடுவதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா என்பது. இருக்கிறது. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியலாளராகப் போன கிரிஃபித் பியூ, 1971-ல் ஓட்டக்காரர்களைக் காற்று வீசும் அறையில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அளந்திருக்கிறார். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இன்னொருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் ஆக்ஸிஜன் தேவை ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. என் பையனின் 1500 வேகம் கிட்டத்தட்ட அதுதான். இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒரு வளைவுக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூட ஓட வேண்டியிருக்கும். 1500-ல் ஏழு வளைவு. ஏழையும் வெளியே ஓடினால் 22 மீட்டர், அவன் வேகத்துக்கு மூன்றரை விநாடி. உள்ளே ஓடினால் கூண்டு, வெளியே ஓடினால் தூரம். எந்த வளைவில் இந்த மூன்று மீட்டரைச் செலவழிப்பது என்பதுதான் உத்தி. இதைச் சுண்ணாம்புக் கோடு போட்டு, டேப் பிடித்து அளந்து காட்டினார்கள். நான் இத்தனை காலம் வாயால் சொன்னதை அவர்கள் தரையில் காட்டியதும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது.

அதனால்தான் கடைசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே தாண்டு என்பதை மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். 2022-ல் ஓரிகனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜேக் வைட்மன் கடைசி 200 மீட்டர் வாக்கில் இங்கப்ரிட்சனைத் தாண்டி 3:29.23-ல் ஜெயித்தார். அடுத்த வருடம் புடாபெஸ்டில் கெர் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதையே செய்து 3:29.38-ல் ஜெயித்தார். கடைசி வளைவின் உள்பக்கம் யாருடையதோ, மற்றவர்கள் அவரைச் சுற்றித்தான் ஓட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, முன்னால் இருந்துகொண்டே பந்தயத்தைக் கையில் வைத்திருக்கவும் முடியும். 2016 ரியோ ஆண்கள் 1500-ல் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் உள்கோட்டில் முன்னே நின்று, 800 மீட்டரை 2:16-க்கு மேல் இழுத்து, கடைசி லேப்பை 51 விநாடிக்குள் ஓடி ஜெயித்தார். நேரம் 3:50.00. 1932-க்குப் பிறகு அந்தத் தங்கத்துக்கு இவ்வளவு மெதுவான நேரம் வந்ததில்லை. முன்னே ஓடுபவர் எப்போதும் இரை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது குழப்பத்தைக் கொடுத்தது, நல்ல குழப்பம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி அட்டைப் பயிற்சி. 1200 மீட்டர் ஓடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, அடுத்தவருக்குக் காட்டக்கூடாது. ஒன்றில் '600 மீட்டர் இருக்கும்போது போய்விடு' என்று இருக்கும். ஒன்றில் 'கடைசி 150 வரை முன்னே வராதே'. ஒன்றில் 'முன்னே போய் வேகத்தைக் குறை'. இரண்டு பேருக்கு வெற்று அட்டை. ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்தவர் அட்டையில் என்ன இருந்தது, எந்த இடத்தில் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றும் சரியாக வரவில்லை. போகப் போக நுணுக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். 'அவ பாயறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தா.' 'அவன் கை வீச்சு சுருங்கிடுச்சு, தோள் காதுகிட்ட ஏறிடுச்சு, அதான் இன்னும் நூறு மீட்டர்கூடத் தாங்க மாட்டான்னு நெனச்சேன்.' 'ஸ்பைக்ஸ் சத்தம் மாறுச்சு.' உள்ளுணர்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். இந்தச் சின்ன அடையாளங்களைப் பலமுறை பார்த்து, யோசிக்காமலே பதில் சொல்லுமளவுக்குக் கால்கள் பழகியிருப்பது. பிறவியிலேயே சிலருக்கு அது வேகமாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வராதவர்களுக்கும் பழக்கலாம் என்பதை இந்தப் பத்து வாரத்தில் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு நல்ல விஷயம், இந்தப் பயிற்சிகளை எல்லாம் டெம்போ ஓட்டத்துக்கு (சீராக, கொஞ்சம் கடினமான வேகத்தில் ஓடுவது) பிறகுதான் வைத்தார்கள். புதிதாக இருக்கும் கால்களோடு எல்லோராலும் சரியாக முடிவெடுக்க முடியும். களைத்த மூளைக்குத்தான் பயிற்சி வேண்டும்.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். பந்தயம் முடிந்து, தன் நேரத்தைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எழுத வேண்டும் என்பது விதி. முதல் லேப் முடிவில் எத்தனையாவது இடம், உன் வலது பக்கம் யார், பெல் அடித்தபோது முன்னே இருந்தவரின் மூச்சு எப்படி இருந்தது, 'இப்போது போ' என்று மனம் சொல்லியும் போகாமல் இருந்த இடம் எது. இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். என் பெண் ஒரு போட்டிக்குப் பிறகு எழுதியதை அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்:

"பெல் அடிச்சப்ப நாலாவதா இருந்தேன். முன்னாடி போற அக்கா மூச்சு ரொம்பச் சத்தமா இருந்துச்சு. பேக் ஸ்ட்ரெய்ட் (எதிர்ப்பக்க நேர்க்கோடு) தொடக்கத்துலயே போகணும்னு தோணுச்சு. போகல. இன்னொருத்தி போகட்டும்னு பார்த்தேன். அவ போனா. அவதான் ஜெயிச்சா. நான் ரெண்டாவது. அடுத்த தடவை மூச்சுச் சத்தம் கேட்டதும் போகணும்."

கூட்டம் என்றால் பயந்து முன்னே ஓடிக்கொண்டிருந்தவள் இதை எழுதியிருக்கிறாள். அடுத்தவர் மூச்சைக் கேட்கும் அளவுக்கு அவள் கூட்டத்துக்குள் நிதானமாக இருந்திருக்கிறாள்.

இனிக் குறைகள். முதலில் அந்தச் செயலி. கடிகாரத்தின் ஜிபிஎஸ் தகவலை ஏற்றினால் 'உத்தி மதிப்பெண்' என்று நூற்றுக்கு ஒரு எண் தருகிறது. நான் பார்த்தவரை, ஒரே சீராக ஓடினால் மதிப்பெண் கூடுகிறது, வேகம் ஏறி இறங்கினால் குறைகிறது. அடைபட்டிருந்தீர்களா, யாருக்குப் பின்னால் ஓடினீர்கள், எந்த வளைவில் வெளியே வந்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ட்ராக்கில் ஜிபிஎஸ் ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட நம்பகமாகப் பிரிக்காது. அருமையாக ஜெயித்த ஒரு பந்தயத்துக்கு என் பையனுக்கு 41 வந்தது. பாவம், அன்று முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ட்ராக்கில் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னவர்களே, வீட்டுக்குப் போனதும் கடிகாரத்திடம் மதிப்பெண் கேட்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் போனில் இருந்து அதை நீக்கச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, பாய்ச்சல் பயிற்சிகளை அடுத்தடுத்த நாட்களில் வைத்த வாரங்கள் இருந்தன. திடீர் வேக மாற்றம் கெண்டைக்காலுக்கும் பின்தொடைத் தசைக்கும் பெரிய சுமை. நடுவில் குறைந்தது ஒரு முழு நாளாவது மெதுவான ஓட்டம் வேண்டும் என்று கேட்டேன். கேட்டதும் மாற்றினார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்காத பயிற்சியாளர்களின் பிள்ளைகளுக்கு மாறியிருக்குமா தெரியாது. வளரும் வயதுப் பிள்ளைகளை அனுப்புபவர்கள் முதல் நாளே அட்டவணையை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, குழுவின் அளவு. எட்டுப் பேர் இருந்தால்தான் கூண்டும் விசிலும் அட்டையும் வேலை செய்யும். எங்கள் குழுவில் நடுவில் சிலர் வராமல் போன நாட்களில் ஐந்து பேரை வைத்து ஓட்டினார்கள், அது வெறும் இன்டர்வலாகத்தான் இருந்தது. அதேபோல ஒரே வேகக்காரர்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். 1500-ல் பதினைந்து விநாடி வித்தியாசம் உள்ளவர்களை ஒரே கூண்டில் போட்டால் ஒருவர் சாகிறார், ஒருவர் நடக்கிறார்.

போட்டிகளில் என்ன நடந்தது? பையன் அடுத்த போட்டியின் ஹீட்ஸில் பெல் அடிப்பதற்கு அரை லேப் முன்பே வெளிப்பக்கம் வந்து, மூன்றாவதாக முடித்து, இடத்தின்பேரிலேயே இறுதிக்குப் போனான். அவன் வாழ்க்கையில் முதல் முறை. இறுதியில் ஆறாவது. அங்கே அவனைவிட வேகமானவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். பலத்தையெல்லாம் ட்ராக்கிலேயே விட்டுவிட்டு வந்தான், முழங்காலில் கை ஊன்றி நின்றான், எனக்கு அது போதும். பெண் இன்னும் சில போட்டிகளில் பழக்கதோஷத்தில் முன்னே போய்விடுகிறாள். வகுப்பில் அவளுக்குத் தந்த வேலையையே தொடர்கிறோம். முக்கியமில்லாத சின்னப் போட்டிகளில் ஒரு கட்டளையோடு ஓட வேண்டும்: இன்று கடைசி 300-ல்தான் போகலாம், இன்று முதல் லேப்பில் ஐந்தாவதற்கு முன்னே வரக்கூடாது. தோற்றாலும் பரவாயில்லை, கட்டளையை நிறைவேற்றினாயா என்பதுதான் அன்றைய கேள்வி.

சேர நினைப்பவர்கள் முதலில் உங்கள் ஓட்டக்காரரின் அடிப்படைப் பயிற்சியைப் பாருங்கள். தொடர்ந்து ஓடி உடம்பு தேறாத ஒருவருக்கு இந்த வகுப்பு எதுவும் தராது, களைப்பில் உத்தி நிற்காது. உடம்பு தேறியும் இடம் கிடைக்காதவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், சேருங்கள். சேரும் முன் நடத்துபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், அவர்களின் 1500 நேரம் என்ன, பாய்ச்சல் நாட்களுக்கு நடுவில் எத்தனை நாள் இடைவெளி. பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

5000 மீட்டர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு குழு தொடங்கச் சொல்லி அவர்களிடம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டரை லேப்பில் நடுவில் வரும் அந்த மந்தமான ஆறேழு லேப்களில் எப்படி விழிப்போடு இருப்பது என்பதை இந்த வகுப்பு தொடவே இல்லை, அது தனிப் பாடம். தொடங்கினால் என்னிடம் இருக்கும் இருவரை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.